பின்னாடி யாருமில்லம்மா

ஓட்டக் கிளப்பில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். ஓடும்போது கால்கள் இரண்டும் துணி வெட்டுகிற கத்தரியைப் போலத் திறந்து மூடும். இடுப்பு ஆடாது, தோள் ஆடாது, முகம் ஆடவே ஆடாது. அதனால் வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அவளோடு கொஞ்ச காலம் பழகியவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். பிடிக்காதவர்களை ஒரே வெட்டாக வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள், ஒட்டுப்போடுகிற பழக்கம் கிடையாது என்று. அந்தக் காரணமும் அவள் காதுக்கு எட்டியது. "ரெண்டுமே சரிதான்," என்றாள். அப்படிப்பட்ட ஆள்.

பிழைப்புக்குப் பல்செட் செய்தாள். நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாய்க்குள் அழுத்தி எடுத்த அளவை அனுப்பிவைப்பார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி ஈறின் அச்சை எடுப்பது ஒருவர் வேலை. அவரைப் பிளாஸ்டர் அண்ணன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்த அச்சின்மேல் மெழுகால் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்ப்பது கத்தரியின் வேலை. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க யார் யாருடைய தாடையோ. புதிதாக அறைக்குள் வருகிறவர்கள் ஒரு நிமிடம் தயங்குவார்கள். அவளுக்கு அந்தத் தாடைகளைப் பிடித்திருந்தது. அத்தனை வாய் இருந்தும் ஒன்றுகூடப் பேசாது.

"ஊர்ல பாதிப் பேரு நீ செஞ்ச பல்லாலதான் சிரிக்கிறான். உன் பல்லை மட்டும் நான் இன்னும் பாக்கல," என்பார் பிளாஸ்டர் அண்ணன்.

"பாத்து என்ன பண்ணப் போறீங்க? அளவெடுக்கவா?" என்பாள். மேசைக்கடியில் ஒரு செங்கல் கிடக்கும். அதன் விளிம்பில் முன்பாதங்களை வைத்துக்கொண்டு, குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே பல் நடுவாள். கெண்டைக்காலுக்குப் பயிற்சி. முதலாளி வந்து நின்று பேசினாலும் அவள் ஏறி இறங்குவது நிற்காது. பாவம், அந்த மனிதர் அவளோடு பேசி முடிப்பதற்குள் தானும் தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஓட்டத்தை அவள் எப்படித் தொடங்கினாள் என்று கேட்டால், உடம்பு இளைக்க என்பாள். பொய். பெண் பிறந்து முதல் வருடம் முடிவதற்குள் அவளுக்கு வீடு கழுத்தை நெரித்தது. குழந்தை ராப்பகலாக அழுகிற ரகம். ஒரு நாள் சாயங்காலம் புருஷன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினாள். அழுகைச் சத்தம் எந்த இடத்தில் கேட்காமல் போகிறதோ அந்த இடம்வரை ஓடினாள். அங்கே நின்றிருந்தால் கதை வேறு. நிற்கவில்லை. பெற்றவள் வெளியே சொல்லக் கூடாத விஷயம் இது. அதனால்தான் அவளுக்குப் பதில் நான் சொல்கிறேன்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய் வந்து பிழைக்கிறவர். அவள் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறவள். இரண்டும் எங்கே சந்திக்கும்? அவர் எதைப் பேச வந்தாலும், "ரேஸ் முடியட்டும்," என்பாள். வீடு மாற்றுவதா, ரேஸ் முடியட்டும். அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷனா, ரேஸ் முடியட்டும். ஒரு ரேஸ் முடிந்தால் அடுத்த ரேஸ் காலண்டரில் ஏற்கெனவே வட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும். இந்த உலகத்தில் முடியவே முடியாத ஒரு காரியம் உண்டென்றால் அது அவளுடைய ரேஸ்தான். கடைசியில் அந்த மனிதர், வாய் செத்தவர், பேச வேண்டியதை ஒரு பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் போய்க் குடியேறினார். அன்றைக்கும் அவள் நீள ஓட்டம் போயிருந்தாள். திரும்பி வந்து குளித்துவிட்டுத்தான் அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

பெண்ணுக்கு ஆமை என்று பெயர் வைத்ததும் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பெயர் வேறு, அழகான பெயர். ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் குழந்தை எதையும் நிதானமாகத்தான் செய்தது. சாப்பிட்டால் நிதானம், சட்டைப் பட்டன் போட்டால் நிதானம். "ஆமை, ஆமை," என்று செல்லமாக ஆரம்பித்தது. செல்லம் எந்த வருடத்தில் உதிர்ந்து போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஆமை மட்டும் தங்கிவிட்டது. கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளுடைய தோழிகள் உட்பட.

ஓட்டத்தில் கத்தரிக்கு ஒரு கொள்கை இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்த்தால், பயந்துவிட்டாள் என்று பின்னால் வருகிறவளுக்குத் தெரிந்துபோகும். தெரிந்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு கால் முளைக்கும். "கழுத்து முன்னாடி பாக்கத்தான் இருக்கு," என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். அதற்கு உதாரணமாக ஒரு கதையும் வைத்திருந்தாள். தன் பெண்ணின் கதை.

ஆமைக்கு அப்போது ஏழு வயது. பூங்காவில் குளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை. கத்தரி கடிகாரத்தை அழுத்திவிட்டு ஓட, குழந்தை பின்னால் சின்னக் கால்களை வைத்துக்கொண்டு ஓடிவந்தது. கொஞ்ச தூரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். "அம்மா!" என்று ஒரு குரல். கத்தரி திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியொரு நாள் வருடத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும். குளம் முழுவதையும் சுற்றி முடித்து அதே இடத்துக்கு வந்தாள். குழந்தை விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டு தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா நிக்கல?" என்று கேட்டதாம் குழந்தை.

"எப்படியும் சுத்தி வரத்தானே போறேன்?" என்று இவள் சொன்னாளாம்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற மாதிரிதான் சொல்வாள். கதை சொல்வதில் கெட்டிக்காரி. உடைந்த கையைப் பற்றி அவள் சொல்லும்போது, அது கையல்ல, ஏதோ உடைந்த தட்டு என்று தோன்றும். ஆமையும் கூடவே சிரிப்பாள். எந்த வரியில் சிரிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது.

கை கூடியது, முழுசாகத் திருகுவதற்கு மட்டும் வரவில்லை. சாவியை இடது கையால் திருப்பினாள், பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். கத்தரி அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் ஒன்று போடுவாள். "பல்லுடி! ஓரம் தெறிச்சுப் போயிடும். அப்புறம் நான்தான் செஞ்சு மாட்டணும்." பல்லைத்தான் பார்த்தாள். இருபது வருடம் பல்லையே பார்த்த கண்ணுக்கு அதற்குக் கீழே ஒரு மணிக்கட்டு இருப்பது தட்டுப்படவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அந்த ஊர் ஹாஃப் மாரத்தானைச் சொல்ல வேண்டும். பெண்களில் முதல் மூன்று பேருக்கு மேடை. மரத்தில் செய்த மேடை. நடுவில் உயரம், இரண்டு பக்கமும் தணிவு. நாலாவதாக வருகிறவளுக்கு அதில் இடமில்லை. கத்தரி முந்தின இரண்டு வருடமும் நாலாவதாக வந்தாள். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்ணிடம் தோற்றாள், அது பரவாயில்லை, வயசு. சென்ற வருடம் தோற்றது பேக்கரிக்காரியிடம். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

பேக்கரிக்காரி என்பவள் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய், ஓயாத வாய். ஓடிக்கொண்டே பேசுவாள், ஓடிக்கொண்டே தும்முவாள், ரோட்டோரத்தில் நிற்கும் குழந்தைகளுக்குத் திரும்பித் திரும்பிக் கை ஆட்டுவாள். யாரையாவது முந்திப் போகும்போது, "வரேன்க்கா!" என்பாள். பின்னாலிருந்து கேட்கும்போது நிஜமாகவே வருகிறாள். சொல்லி முடிக்கும்போது விடைபெற்றுப் போயிருப்பாள். சென்ற வருடம் ஸ்டேடிய வாசலில் கத்தரியின் காதுக்குள் விழுந்த "வரேன்க்கா" அங்கேயே தங்கிவிட்டது. பல் நடும்போதுகூடக் கேட்டது. கத்தரிக்கு இந்த வருடம் நாற்பத்திரண்டு. கால் இன்னொரு வருடம் இப்படி இருக்காது என்று அவளுக்கே தெரியும். மூன்றாவது இடம் வேண்டும், அந்த மேடையில் ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். கோயில், குளம், குழந்தை எதற்கும் அவள் அப்படி ஏங்கியதில்லை.

ரேஸுக்கு முந்தின நாள் விளையாட்டு அரங்கில் நம்பர் கொடுத்தார்கள். தாயும் மகளும் போயிருந்தார்கள். கிளப் ஆட்கள் வட்டமாக நின்றுகொண்டிருக்க, ஒருவர் ஆமையின் முதுகில் தட்டி, "என்ன ஆமை, நீ எப்ப ஓடப் போற?" என்றார். அது போதாதா? கத்தரி குளத்துக் கதையை எடுத்தாள். தொப்பென்று விழுந்ததை நடித்துக் காட்டினாள். "சுத்தி வரத்தானே போறேன்" என்றதும் வட்டமே குலுங்கியது.

ஆமை சிரிக்கவில்லை. பேக்கரிக்காரியும் சிரிக்கவில்லை, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள். மென்றபடியே, "இப்ப கை நல்லாயிடுச்சா கண்ணு?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. இரட்டையரில் ஒன்று எங்கேயோ ஓட, அதைப் பிடிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எட்டு வருடமாக அந்தக் கதையைக் கேட்டவர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரி சாப்பாட்டு மேசையில் பனியனை விரித்து, நாலு மூலைக்கும் ஊக்கு குத்தி நம்பரைப் பொருத்தினாள். நேராக இல்லையென்று கழற்றி மறுபடி குத்தினாள். ஆமை எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, நான் அப்பா வீட்டுக்குப் போயிடட்டுமா? அங்கேயே இருந்துக்கறேன். அப்பா சரின்னுட்டாரு."

"பேசாத, ஊக்கு கையில குத்திடும்."

"நாளைக்கு ஸ்டேடியத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. நீ சரின்னு சொன்னா."

"ரேஸ் முடியட்டும்."

"முடிஞ்சதும் பேசுவியா?"

"மேடைலேர்ந்து எறங்கினதும் பேசறேன்."

"மேடை ஏறலன்னா?"

கத்தரி தலையை நிமிர்த்தினாள். "ஏறலன்னா அப்படிங்கற பேச்சே இந்த வீட்ல கிடையாது," என்றாள். பிறகு, நினைவு வந்தவளாக, "நாளைக்கு எங்க நிக்கணும்னு ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. பெட்ரோல் பங்க் முக்கு. ரேஸ் பாலத்தடியில் தொடங்கி, கிடங்குகளைச் சுற்றி, ஆஸ்பத்திரிச் சாலை வழியாக வந்து அந்த முக்கில் திரும்பும். அதற்குப் பிறகு ஸ்டேடியம்வரை நேர் ரோடு. முக்கில் நிற்கிறவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அம்மா வரும்போது ஆமை அவளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, கத்த வேண்டும். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் எவளாவது இருந்தால், "ஆள்!" இல்லையென்றால், "யாருமில்ல!" வேறொரு வார்த்தை கூடாது. ஊரார் கத்துகிற "விடாத, விடாத" எல்லாம் கத்தரிக்கு ஆகாது. திரும்பிப் பார்க்காதவளுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண் வேண்டுமே. அந்தக் கண்தான் மகள். ஆமை இந்த வேலையில் ஒருநாளும் தப்பியதில்லை. அவளிடம் வேகம் இல்லாமல் இருக்கலாம், பொய் இல்லை. இதைக் கத்தரி வெளியில் பெருமையாகவே சொல்வாள். பெண்ணைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம்.

காலையில் வானம் மூடிக்கிடந்தது. காற்று இல்லை. ஓடுகிறவர்களுக்கு வரம் மாதிரி ஒரு காலை. கத்தரி முதல் பாதியைப் பூப்போல ஓடினாள். முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனார்கள், போகட்டும். மூன்றாவது ஆள் அவள்தான். கிடங்குகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பின்னால் ஒரு காலடிச் சத்தமும் இல்லை. பேக்கரிக்காரியின் தும்மல்கூட இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சாலையில் ஏறும்போது இடது கெண்டைக்காலில் சுருக்கென்றது. இரண்டு எட்டு சும்மா இருந்துவிட்டு மறுபடி சுருக். செங்கல் மேல் ஏறி இறங்கியதெல்லாம் வீணா என்று காலையே திட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த வலியை அவளுக்குத் தெரியும். எட்டைக் குறுக்கி, மெல்லக் கொண்டுபோனால் ஸ்டேடியம்வரை தாங்கும். முடுக்கினால் கிழியும். கிழிந்தாலும் கவலையில்லை, மூன்றாவதாகப் போய் விழுந்தால் போதும். ஆனால் யாருமே துரத்தாதபோது முடுக்கி, பாதி ரோட்டில் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதைவிட முட்டாள்தனம் உண்டா? பின்னால் ஆள் இருக்கிறதா, இல்லையா? அது மட்டும் தெரிந்துவிட்டால் போதும். கழுத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். கழுத்து திரும்பவில்லை. நாலு எட்டில் முக்கு வந்துவிடும், அங்கே ஆமை இருக்கிறாள்.

இருந்தாள். பெட்ரோல் பங்க் தடுப்புக்கு வெளியே, தோளில் ஒரு பையோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு. அம்மா நொண்டி வருவதைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால், சாலை நெடுக நிதானமாகப் பார்த்தாள். எதையும் நிதானமாகச் செய்கிறவள் அல்லவா?

"யாருமில்லம்மா!" என்று கத்தினாள். "பின்னாடி யாருமில்ல!"

கத்தரிக்கு உடம்பெல்லாம் இளகியது. எட்டைக் குறுக்கினாள். காலுக்கு ஆசை வார்த்தை சொல்லிக்கொண்டே, கண்ணாடிச் சாமானைத் தூக்கிப் போகிறவள் மாதிரி போனாள். ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. மைக் சத்தம் கேட்டது. மேடையில் எந்தப் பக்கத்துப் படியில் ஏறுவது, இடதா வலதா என்று யோசித்தாள். மூன்றாவதுக்கு வலது பக்கம் என்று நினைவு. நொண்டிக்கொண்டு ஏறினாலும் பரவாயில்லை. சிரிக்க வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும், பிளாஸ்டர் அண்ணன் பேப்பரில் பார்க்கட்டும். இவ்வளவு சந்தோஷமாக அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"வரேன்க்கா!"

காதுக்குள் கேட்டுப் பழகிய குரல்தானே என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் ஒரு மஞ்சள் பனியன் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனது. கத்தரி முடுக்கினாள். கால் கிழிந்தது. ஈரத்துணியைக் கிழித்த மாதிரி சத்தம்கூடக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னாள். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு அவள் கோட்டைத் தாண்டும்போது, மைக் பிடித்தவர் மூன்றாவது ஆளின் இரட்டைக் குழந்தைகளை மைக்கில் கொஞ்சிக்கொண்டிருந்தார். நாலாவது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஸ்டேடிய வாசலுக்கு வெளியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். யாரோ ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேக்கரிக்காரி, ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுக்கிற மெடலைக் கழுத்தில் மாட்டியபடி, மூச்சிரைக்க வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா? சத்தியமா சொல்றேன், இந்த வருஷம் என்னால முடியாதுன்னு விட்டுட்டேன். முக்குல நடந்தே போயிடலாம்னு பாத்தேன். உங்க பொண்ணுதான் கத்துனா, 'ஓடுங்க ஆன்ட்டி, அம்மா கால் நொண்டறாங்க, பிடிச்சிடலாம்'னு. பாட்டில் தண்ணிய வேற குடுத்தா, பல்லால திறந்து. என்ன மனசுக்கா அதுக்கு! எனக்கும்தான் ரெண்டு இருக்கே, தண்டம்."

சொல்லிவிட்டு, பாராட்டிவிட்ட திருப்தியோடு, மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடினாள். வெகுளிகள் செய்கிற கொடுமைக்கு வெட்டரிவாள் தேவையில்லை.

ஆமை பெட்ரோல் பங்கிலிருந்து நடந்து வந்து சேர்ந்தாள். அவசரப்படவில்லை. தோள் பையில் அவளுடைய துணிகள் இருந்தன. பையின் கனத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவள் அப்பாவின் பழைய கார் நின்றிருந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் பாதி இறக்கியிருந்தார்.

"அவ வந்ததை நீ பாக்கலியா?" என்றாள் கத்தரி.

"பாத்தேன்."

"பாத்துட்டா யாருமில்லன்ன?"

"ஆமா."

"அவகிட்டயும் போய்ச் சொன்னியா, நான் நொண்டறேன்னு?"

"ஆமாம்மா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கத்தரிக்குச் சமாளிக்கத் தெரியும், ஒரே வெட்டு. பதினைந்து வயசுப் பெண், செய்து முடித்த கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி பதில் சொன்னாள். குழந்தைதானே என்று இரக்கப்பட அங்கே குழந்தை இல்லை.

"உன்னை நம்பித்தானேடி ஓடினேன்!" கத்தரியின் குரல் உடைந்தது. "உன் கண்ணை நம்பித்தானே..."

"நீ ஒருவாட்டி திரும்பிப் பாத்திருக்கலாமேம்மா," என்றாள் ஆமை.

எதைச் சொல்கிறாள் என்று கத்தரிக்கு உடனே புரியவில்லை. ஆஸ்பத்திரிச் சாலையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கொள்கையை எடுத்து விளக்க வாயைத் திறந்தாள். திறந்தபோது, தோள் பையின் வாரைப் பிடித்திருந்த அந்தக் கை கண்ணில் பட்டது. மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முழுசாகத் திரும்பாத கை. எட்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்த கை.

"மேடைலேர்ந்து எறங்கினதும் பேசறேன்னியே. இப்ப ஏறவே இல்ல. அதனால பேச ஒண்ணுமில்ல," என்றாள் ஆமை. பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "போறேன்மா."

"போறேன்னு சொல்லாத," என்றாள் கத்தரி. பழக்கத்தில் வந்த வார்த்தை; எந்த அம்மாவும் சொல்வது. "வரேன்னு சொல்லு."

ஆமை கொஞ்ச நேரம் யோசித்தாள். சொல்லிப் பார்க்கலாமா என்று நிஜமாகவே யோசித்த மாதிரி இருந்தது.

"போறேன்மா," என்றாள் மறுபடியும்.

ரோட்டைக் கடந்தாள். கத்தரி எழ முயன்றாள், கால் விடவில்லை. "ஆமை!" என்று கூப்பிட்டாள். முதுகு நிற்கவில்லை. ரோட்டில் நின்றிருந்த ரெண்டு மூன்று பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள், யாரை ஆமை என்கிறாள் என்று. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்துப் பெயர், அழகான பெயர், அவளே வைத்த பெயர். வாயில் வரவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தேடி, கடைசியில் அது நாக்குக்கு வந்தபோது கார் கதவு சாத்தியாகிவிட்டது. ஆனாலும் கூப்பிட்டாள். கார் நேராகப் போய்த் திரும்பியது. பின் கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது. அது முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

உள்ளே மேடையில் மூன்று பேருக்கும் கை தட்டினார்கள். ரோட்டில் தடுப்புகளை எடுக்கிற ஆள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து அவளுக்கு முன்னால் நின்றான்.

"கொஞ்சம் நகருங்கம்மா, இதை எடுக்கணும்."

"நகர முடியல."

காலைப் பார்த்தான். வீங்கியிருந்தது. "கூட வந்தவங்க யாராவது இருக்காங்களா? கூப்பிடட்டுமா?"

அவள் கழுத்தைத் திருப்பி, ஓடி வந்த ரோட்டைப் பார்த்தாள். பெட்ரோல் பங்க் முக்குவரை நேராகத் தெரிந்தது. காலிக் குவளைகளை ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருமில்ல," என்றாள்.

அவன் அந்த ஒரு தடுப்பை மட்டும் விட்டுவிட்டு, அடுத்ததைக் கழற்றப் போனான்.